அமுதசுரபிக்கு அடிக்குறிப்பு இல்லை

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிய கூட்டம். சந்தை நாள், வெளியே வாழைக்குலை ஏற்றிய வண்டிகளின் இரைச்சல். பேச வந்தவர் நிறையப் படித்தவர். ஒவ்வொரு கதையாக எடுத்து, இது நீட்சே, இது காம்யு, இது சார்த்தர், இது ஃபூக்கோ என்று பெயர் சூட்டிக்கொண்டே போனார். கடைசிக் கதையில் ஒரு கிழவி, பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டுக் கொடுத்த அரிசியை மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அதற்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. முடிவில் பின்வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்தாள். "அது செரி சார். அந்தப் பாட்டி அரிசிய எதுக்குத் திருப்பிக் குடுத்தாவ?" பேச்சாளர் அதே பெயரை மறுபடியும் சொன்னார். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பேச்சாளரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொன்னது அவருடைய தனிக் கருத்துமல்ல. சிற்றிதழ்களிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் திரைப்பட விமர்சனங்களிலும் வெகுகாலமாக ஊறிப்போன கருத்து அது. தத்துவவாதி முதலில் சிந்திக்கிறார். நாவலாசிரியரும் இயக்குநரும் பின்னால் வந்து அந்தச் சிந்தனைக்கு உடம்பு செய்துகொடுக்கிறார்கள். ஆகவே ஒரு கதை எவ்வளவு ஆழமானது என்று அறிய, அதன் பின்னால் எந்தத் தத்துவவாதி நிற்கிறார் என்று பார்த்தால் போதும். தமிழில் அப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். இவ்வளவுதான் அந்தக் கருத்து. இது வேரிலேயே பிழை என்பது என் வாதம். கதையை இது சிறுமைப்படுத்துகிறது. தத்துவத்தை அதைவிடச் சிறுமைப்படுத்துகிறது.

எதிர்த்தரப்பின் பலமான சான்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. நாவலின் நாயகன் ஜோசஃப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5ஆம் தேதி இறக்கிறான். ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு, ஜே.ஜே. காம்யுவின் தமிழ்ப் பிள்ளை என்று எழுதியவர்களுக்குக் கணக்கில்லை. தேதி தற்செயலாக வந்ததல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் காம்யுவைக் கருத்தூன்றிப் படித்தவர் என்பதும் உண்மை. ஆனால் காம்யு எங்கிருந்து வந்தார்? அவருடைய 'சிசிஃபஸின் புராணம்' என்ற தத்துவ நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கிரிலோவைப் பற்றியது. கிரிலோவ் எந்தத் தத்துவப் பள்ளியிலும் பாடம் சொன்னவனல்ல. தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் வரும் ஒரு பாத்திரம். காம்யுவுக்கும் முன்னால் நீட்சே 1887இல் தஸ்தயேவ்ஸ்கியைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கண்டெடுத்தார். தமக்குக் கற்றுத்தர ஏதேனும் வைத்திருந்த ஒரே உளவியலாளர் அவர்தான் என்று பின்னர் எழுதினார். மேலேயிருந்து கீழே பாய்கிறது என்று இவர்கள் சொல்லும் ஆற்றின் தலைமாட்டில் இருப்பது ஒரு நாவலாசிரியரின் ஊற்று.

நாவலுக்குள்ளேயே போய்ப் பார்த்தாலும் காம்யு அங்கே ஆசானாக உட்கார்ந்திருக்கவில்லை. ஜே.ஜே. மலையாள எழுத்தாளன். நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் அவனிடம் உண்டு என்று வாசகர்கள் சொல்வதுண்டு. அவனைச் சுற்றி அரசியல் நம்பிக்கைகள் இறுகிப்போன நண்பர்கள், விருதும் மேடையும் தேடும் எழுத்தாளர்கள். எம்.என். ராயின் மனிதநேயவாதமும் கட்சி மார்க்சியமும் தீவிரமாக மோதிக்கொண்டிருந்த கேரளத்துச் சூழல் அது. உண்மையைப் பேசினால் நட்பு முறியும், பேசாவிட்டால் தன்னையே இழக்க நேரும் என்ற இக்கட்டில் நின்று வதைபடுபவன் அவன். இந்த வதையைக் காம்யுவின் பக்கங்களிலிருந்து பெயர்த்தெடுத்துவர முடியாது. திருவிதாங்கூரின் கல்லூரிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் சாயாக்கடைப் பெஞ்சுகளிலும் பிறந்த வதை அது. காம்யுவின் பெயரைச் சொன்னதும் விமர்சகருக்கு வேலை முடிந்துவிடுகிறது. நாவலுக்கோ வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தத்துவத்தைக் கதையிலிருந்து ஒதுக்கி வை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். "தத்துவமெல்லாம் எதற்கு, வாழ்க்கையைச் சொன்னால் போதும்" என்று பேசும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்க் கதை மரபு தத்துவத்தைக் கண்டு ஒருநாளும் கூசியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் மாதவன் வடிவம் கொண்டு, வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துத் தரப்பினரையும் தேடிப்போய்க் கேட்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையியலை விளக்குகிறார். தத்துவவாதிகளுக்கு இவ்வளவு நேராக இடங்கொடுத்த பழங்காவியங்கள் உலகில் குறைவு.

ஆனால் மணிமேகலை என்றதும் நம் மனத்தில் எழுவது எது? 27ஆம் காதையா? ஆபுத்திரன் கையிலிருந்த பாத்திரம் அல்லவா? வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரால் விரட்டப்பட்டவன் ஆபுத்திரன். மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அவன் எல்லோருக்கும் சோறு போடுகிறான். பிறகு இந்திரன் மழையை வாரிப் பொழிகிறான், நாடு செழிக்கிறது, பசிக்கிறவர் ஒருவரும் இல்லை. கையில் பாத்திரத்தோடு உண்பாரைத் தேடி அலைகிறான். சாவகம் போகக் கப்பலேறி, ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். அங்கே அந்தப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தவன் தனக்கென்று ஒரு கவளம் எடுத்துக்கொள்ளவில்லை. கொடை என்பது கொடுப்பவனிடம் மட்டும் இருப்பதன்று, வாங்குகிறவன் இல்லாவிட்டால் கொடுப்பவனும் இல்லை என்ற எண்ணம் அந்தப் பொய்கைக் கரையில்தான் நமக்குத் தட்டுப்படுகிறது. பத்துச் சமயக்கணக்கரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பௌத்தம் காவியத்துக்குக் கருணை என்ற சொல்லைக் கொடுத்தது. காவியமோ அந்தச் சொல்லை ஓர் ஆளில்லாத தீவில் தனியே நிறுத்திச் சோதித்துப் பார்த்தது.

தத்துவம் கதையைப் பாதிக்கும் உண்மையான வழி இதுதான். தத்துவம் ஒரு சொல்லைத் தருகிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு கை, ஒரு வயிறு, ஒரு வீடு, ஒரு ஊர் முளைக்கும்போது அது தாங்குமா தாங்காதா என்று கதை பார்க்கிறது. தாங்காத இடத்தில் புதிய கேள்வி ஒன்று பிறக்கிறது. அந்தக் கேள்வி தத்துவவாதியின் நூலில் இருக்காது.

எங்கள் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ஆம் தேதி அரசாணை வரும்வரை ஓயவில்லை. மார்பை மறைக்கப் பெண்களுக்கு உரிமை உண்டா என்பது கேள்வியாக இருந்த ஊர்கள் இவை. அந்தக் காலத்தில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எழுந்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியாரும் சேர்ந்து நீராட முத்திரிக்கிணறு வெட்டினார். வழிபாட்டிடத்தில் கண்ணாடி நிறுவப்பட்டது. அதன் முன்னால் போய் நிற்கிறவன் தன்னையே காண்கிறான். இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்பதே அதன் பொருள். அத்வைதத்தை வடமொழி நூலில் படித்துத் தேர்ந்தவர்கள் அன்று திருவிதாங்கூரில் பலர் இருந்திருப்பார்கள். அதை ஒரு பனையேறியின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியது இந்தக் கண்ணாடி. வைகுண்டரின் சிந்தனை விளக்க நூலாக வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய சீடர் அரிகோபாலன் வழியாக அது அகிலத்திரட்டு அம்மானையாக, கதையாகவே, வந்தது. தத்துவவாதி ஒருவர், கதைசொல்லி வேறொருவர் என்று பிரித்துவைக்கும் கணக்கு இந்த மண்ணில் செல்லாது.

இப்போது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) நாவலையும், அதைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த 'நான் கடவுள்' (2009) படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாவலை எழுதியவர் இந்த மாவட்டத்துக்காரர். படத்துக்கு வசனமும் அவரே. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. படத்தில் காசியிலிருந்து வரும் அகோரி, "அகம் பிரம்மாஸ்மி" என்கிறான். ஆகவே படம் தத்துவப் படம், நாவல் பிச்சைக்காரர்களைப் பற்றிய யதார்த்த நாவல் என்று பலரும் பேசினார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

நாவலில் அகோரி இல்லை. காசியும் இல்லை. போத்திவேலுப் பண்டாரம் இருக்கிறார். உடல் குறைபட்டவர்களை வாங்கியும் விற்றும், கோயில் வாசல்களில் உட்கார வைத்துப் பிச்சையெடுக்க விட்டும் பிழைக்கிறார். அவர் கொடூரன் வேடம் பூண்டவரல்ல. முருக பக்தர், பெண்மக்கள் மேல் உயிரை வைத்திருக்கும் தகப்பன். தம்மிடம் இருக்கும் மனிதர்களை அவர் ஆள் என்று சொல்வதில்லை, "உருப்படி" என்கிறார். நாவலின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சந்தையில் தேங்காய்க்கும் மாட்டுக்கும் புழங்கும் சொல் அவரிடம் இருக்கும் முத்தம்மைக்கும் புழங்குகிறது. சொல்கிறவர் அன்றாடம் கோயிலுக்குப் போகிறவர். எல்லாமே பிரம்மம் என்றால் இந்த உருப்படிக்குள் இருப்பது என்ன? இந்தக் கேள்வியை நாவலில் எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை. அதனால்தான் அது வாசகன் கழுத்தைப் பிடிக்கிறது.

மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் 1785இல் எழுதினார். இந்த நாவல் அதற்கு விளக்கவுரை என்று ஒரு கட்டுரையாளர் எழுதிவிடக்கூடும். கான்ட் வகுத்தது ஒரு விதி. அந்த விதியை நாள்தோறும் மீறும் ஒருவன் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறான், எப்படித் தன் மகளுக்குக் காப்பு வாங்கிக் கொடுக்கிறான், எப்படித் திருநீறு பூசுகிறான் என்பதை விதி சொல்லாது. அதைச் சொல்லக் கதைதான் வேண்டும்.

படத்தை நான் மதிக்கிறேன். பிச்சையெடுப்பவர்களை அடைத்துவைக்கும் பாதாள அறையில் இருக்கும் மனிதர்களின் சிரிப்பும் கேலியும் நட்பும் தமிழ்த் திரையில் அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் தத்துவத்தை அது ஓர் ஆளாக்கி வெளியூரிலிருந்து வரவழைக்கிறது. அவன் வருகிறான், தீர்ப்பளிக்கிறான், கொடியவனைக் கொல்கிறான், இறுதியில் பிச்சையெடுக்கும் பார்வையற்ற பெண் அம்சவல்லிக்கு மரணத்தையே விடுதலையாகத் தருகிறான். "நான் கடவுள்" என்பது அங்கே தீர்ப்பளிப்பவனின் குரல். சாமித்தோப்புக் கண்ணாடியில் அது மிதிபட்டவனின் குரல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே மண்ணில் நின்றுகொண்டிருக்கும் ஒரு கண்ணாடியை விட்டுவிட்டு, அதே வாக்கியத்தைத் தேடிப் படம் காசிக்குப் போனது. அம்சவல்லியின் முன்னால் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்தால் கதை வேறு எங்கோ போயிருக்கும். தத்துவவாதியைத் திரையில் ஏற்றினால் தத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கையின் விலை இது.

எதிர்த்தரப்பார் இங்கே ஒரு மறுப்பை வைக்கலாம். ஜெயமோகன் ஊட்டி ஃபெர்ன்ஹில் குருகுலத்தில் நித்ய சைதன்ய யதியிடம் கற்றவர். நித்யாவின் ஆசிரியர், பாரிஸில் முனைவர் பட்டம் பெற்ற நடராஜ குரு. அவருடைய ஆசிரியர் நாராயண குரு. தத்துவம் குருவிடமிருந்து கதாசிரியருக்கு வந்ததற்கு இதைவிடத் தெளிவான சங்கிலி வேண்டுமா என்று கேட்பார்கள். சங்கிலி உண்மை. மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்த, 1888இல் அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவனை நிறுவிய நாராயண குருவின் நிழல் இங்குள்ள எழுத்தில் விழாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்து வந்தது அத்வைதத்துக்குப் பாராட்டுரை அல்ல. அத்வைதத்துக்கு வைக்கத்தக்க மிகக் கடுமையான சோதனை. அவருடைய 'விஷ்ணுபுரம்' (1997) நாவலில் பக்கம் பக்கமாகத் தத்துவ விவாதம் நடக்கிறது. விவாதத்தில் வென்ற தத்துவம் நகரத்தின் அதிகாரமாக மாறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே நாவலின் கவலை. குரு கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்பவன் நல்ல சீடனாகலாம். நாவலாசிரியன் ஆக மாட்டான்.

பெயர் தேடும் விமர்சனம் எதையெல்லாம் தவறவிடுகிறது என்பதற்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) போதும். விளவங்கோட்டுப் பனைவிளை ஒன்றின் வீட்டையும் அந்த வீட்டுப் பெண் லிஸியையும் பற்றிய எளிய கதை என்று இதை ஓரமாக வைத்துவிட்டார்கள். நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் சீர்திருத்தக் கிறித்தவச் சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விதைத்த பெரிய கருத்து, கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்பது. இந்த நாவலில் பனை உடையவரும் பனை ஏறுகிறவரும் ஒரே வேதப்புத்தகத்தைப் படிக்கிறார்கள், ஒரே ஆலயத்தில் முழங்கால் படியிடுகிறார்கள், சாதியும்கூட ஒன்றுதான். ஆனாலும் பனையேறி மகனுக்குப் பெண் கொடுக்க வீடு கூசுகிறது. சமத்துவம் என்ற கருத்து ஆலய வாசலைத் தாண்டி, பனைவிளையைக் கடந்து, வீட்டு நடையை மிதிக்கும்போது தடுக்கி விழுகிறது. எங்கே தடுக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறது நாவல். கருங்கலைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் அந்த இடம் எங்கே என்று இன்றைக்கும் தெரியும்.

கடற்கரைப் பக்கம் தேங்காப்பட்டணம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) அந்த ஊரிலிருந்து வந்தது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கச் சொன்ன மார்க்கம் அங்கே இருக்கிறது. அந்த ஊரை ஆட்டிவைக்கும் முதலாளியும் இருக்கிறார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்க்கிறார். மார்க்கம் பொய் என்று மீரான் எங்கும் சொல்லவில்லை. மார்க்கத்தின் பெயரால் ஓர் ஊர் எப்படிப் பயப்படப் பழகுகிறது என்று காட்டினார். இந்த இரண்டு நாவல்களின் பின்னாலும் எந்த ஐரோப்பிய தத்துவவாதியும் நிற்கவில்லை. ஆனால் இரண்டும் சமத்துவம் என்ற தத்துவத்தின் மேல் நடத்தப்பட்ட கறாரான விசாரணைகள்.

சினிமாவுக்கும் இதே அளவுகோல்தான். திராவிட இயக்கப் படங்களில் தத்துவம் வசனமாக வந்தது. மேடைப் பேச்சை நடிகர் வாயில் வைத்தார்கள். அதற்கு அன்று தேவை இருந்தது. ஆனால் கலைக்குள் கரைந்த பகுத்தறிவைக் காண வேண்டுமானால் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனிடம் போக வேண்டும். அண்ணாவின் கதை வசனத்தில் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்தும் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள். தில்லையைக் காணத் துடித்த நந்தனின் கதையை ஊரெல்லாம் கதாகாலட்சேபமாகக் கேட்டு உருகியிருந்தது. கலைவாணர் அதே கதாகாலட்சேபத்தை எடுத்துக்கொண்டார்; அதே பின்பாட்டு, அதே உருக்கம். நந்தனுக்குப் பதில் கிந்தன். கிந்தன் போக ஆசைப்படுவது பள்ளிக்கூடத்துக்கு. நந்தனின் பயணம் நெருப்பில் முடிந்தது. கிந்தன் ரயிலேறிப் போய்ப் படித்து உத்தியோகத்தோடு ஊர் திரும்புகிறான். கடவுள் இல்லை என்று அங்கே யாரும் அறிவிக்கவில்லை. கலைவாணர் கண்ணீரின் திசையை மாற்றிவிட்டார், அவ்வளவுதான். பெரியாரின் சிந்தனை அங்கே கருத்தாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த வடிவமாகவே ஆகியிருந்தது.

வெளிநாட்டுப் படம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தத்துவமும் சினிமாவும் என்றாலே அதைத்தான் எடுப்பார்கள். 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி போத்ரியாவின் நூலே காட்சியில் வருகிறது. உள்ளே குடைந்து பொருள் ஒளித்துவைக்கும் பெட்டியாக. போத்ரியாவோ, படம் தம்மைப் பிழையாகப் புரிந்துகொண்டது என்றார். அதனால் படம் செத்துவிட்டதா? நம்மைச் சுற்றியுள்ள உலகம் மெய்தானா என்ற கேள்வியை, அவர் நூலைத் தொட்டே பார்க்காத கோடிப்பேர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். படத்தின் உயிர் அந்த நூலில் இருந்திருந்தால் நூலாசிரியரின் மறுப்போடு அது முடிந்திருக்க வேண்டும்.

பெயர் சூட்டும் பழக்கத்தால் வரும் கேடு விமர்சனத்தோடு நிற்பதில்லை. இளம் எழுத்தாளர்கள் முதலில் தத்துவவாதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பாத்திரத்தைத் தேடுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவனும், அண்டியாபீஸில் முந்திரித்தோல் எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போன பெண்ணும் தம்மிடம் சிந்தனை ஒன்றும் இல்லை என்று நம்பவைக்கப்படுகிறார்கள். நியாயம் எது, கடன் எது, மானம் எது என்று அவர்கள் நாள்தோறும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கைக் கேட்கக் காது இல்லாத எழுத்தாளனுக்கு எத்தனை ஆசான்கள் இருந்தும் பயனில்லை. காது உள்ளவனுக்குத் தத்துவ வாசிப்பு பெரும் துணை. கேட்டதன் கனம் என்ன என்று அவனுக்கு அது சொல்லிக்கொடுக்கும். தத்துவம் படியுங்கள், ஆழமாகப் படியுங்கள். ஆனால் ஒரு கதையின் முன்னால் உட்காரும்போது, இதில் எந்தத் தத்துவவாதி இருக்கிறார் என்று கேட்காதீர்கள். எந்த நம்பிக்கை இங்கே சோதிக்கப்படுகிறது, அந்தச் சோதனையில் யாருக்கு வலிக்கிறது என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளை கேட்டது இதைத்தான். அரிசியை எதற்குத் திருப்பிக் கொடுத்தாள் கிழவி? ஆபுத்திரனின் தீவில் பாத்திரம் இருந்தது, வாங்கும் கை இல்லை. இந்தக் கதையில் வாங்கும் கை இருக்கிறது. என்றைக்கும் வாங்கும் கையாக மட்டும் இருக்க அது சம்மதிக்கவில்லை. விடிந்ததும் தானும் ஒரு வீட்டு வாசலில் கொடுப்பவளாகப் போய் நிற்க அவளுக்கு அந்த அரிசியை விட்டால் வேறு பொருள் இல்லை. இரண்டாவது முறை அந்தக் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது. அந்தப் பிள்ளைக்கு வேறொன்று தோன்றியிருக்கும். அடுத்த கூட்டத்தில் அவளை முதலில் பேசச் சொல்ல வேண்டும்.